சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: தீம் பார்க் செலவு பற்றி வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தீம் பார்க் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. எந்த ரைடு நல்லது, எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பதெல்லாம் இந்த முறை வேண்டாம். உள்ளே போன பிறகு தின்பதற்கும் வாங்குவதற்கும் ஆகிற செலவைக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். டிக்கெட் விலை எல்லோருக்கும் முன்பே தெரியும், மனதைத் தேற்றிக்கொண்டுதான் கிளம்புகிறோம். சாயங்காலம் நாலு மணிக்குக் கால் வலிக்க, பிள்ளை அழ, எந்தக் கடை பக்கத்தில் இருக்கிறதோ அதில் நுழைந்து கொடுக்கிற பணத்துக்குத்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை.

மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். ஜூனில் நானும் என் கணவரும் போகிறோம். மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன், இரண்டரை வயதுப் பேத்தி என்று ஆறு பேரும் ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் நான்கு நாள் சுற்றுவதாகத் திட்டம். நாங்கள் சைவம். ஒரு வேளைக்கே ஆளுக்கு இருபது டாலர் ஆகும் என்கிறான் மகன். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்றேன், மருமகள் சிரிக்கிறாள். உள்ளே விடுவார்களா, மாட்டார்களா?
- திருச்சி வாசகி

விடுவார்கள். இந்தப் பக்கத்தை அப்படியே மருமகளுக்கு அனுப்பிவையுங்கள்.

டிஸ்னி வேர்ல்டில் நீங்கள் சாப்பிடுவதற்கான சாப்பாட்டை நீங்களே கொண்டுபோகலாம், அது அவர்களே எழுதிவைத்திருக்கிற விதி. மது கூடாது, கண்ணாடி பாட்டில் கூடாது (குழந்தை உணவு பாட்டிலுக்கு மட்டும் விலக்கு), சூடு பண்ண வேண்டிய பண்டம் கூடாது. ஐஸ்பெட்டி கொண்டுபோனால் 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்கு மேல் போகக்கூடாது. உதிரி ஐஸ்கட்டி போடக்கூடாது என்பது பலருக்குத் தெரியாமல் வாசலில் கொட்டிவிட்டு வருகிறார்கள். அதற்கு ஒரு வழி, ராத்திரியே நாலு தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி ஃப்ரீசரில் படுக்கவைத்துவிட்டுக் காலையில் மீதித் தண்ணீரை ஊற்றி மூடுங்கள். பெட்டிக்குள் ஐஸ் வேலையும் பார்க்கும், மத்தியானம் குடிக்கவும் ஆகும்.

புளியோதரைக்குக் கவலையே இல்லை, நல்லெண்ணெயும் புளியும் சேர்ந்தது ஒரு பகல் தாங்காதா? தயிர்சாதம்தான் சிக்கல். ஓர்லாண்டோ இருக்கிற ஃப்ளோரிடாவின் ஜூன் வெயில் நம்ம ஊர் வெயிலுக்குத் தம்பி, புழுக்கம் மட்டும் அண்ணன். காலை ஏழு மணிக்குத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் பன்னிரண்டு மணிக்கு வாயில் வைக்கமுடியாது. நம் பாட்டிமார் ரயிலுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி, குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறின பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைந்து டப்பாவில் போடுங்கள். நீங்கள் ரைடில் சுற்றுகிற நேரத்தில் அது டப்பாவுக்குள் உறைந்து, சாப்பிடும்போது அப்போதுதான் பிசைந்த மாதிரி இருக்கும்.

இங்கிருந்து குட்டி ரைஸ் குக்கர் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. சொருகினால் வெதுவெதுப்பாகும், சாதம் ஆகாது. அங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் சின்னதாக ஒன்று வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது மகன் வீட்டில் விட்டுவிடலாம். ரூம் போடும்போது சமையல்கட்டு உள்ள ரூமா என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள், வெறும் ஹோட்டல் அறையில் குக்கர் வைக்க பல இடங்களில் விடமாட்டார்கள். அரிசியும் இங்கிருந்து வேண்டாம், காப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்குப் பயந்து இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பையில் அரிசி கொண்டுவர அமெரிக்கா விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், விமான நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இவற்றைக் கொண்டுபோகலாம், ஆனால் கேட்கிற இடத்தில் 'உணவுப்பொருள் இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். மறைத்து மாட்டுவதுதான் வம்பு.

தண்ணீருக்கு உள்ளே ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதீர்கள். பானம் விற்கிற கவுண்டர் எதிலும் போய் 'ஐஸ் வாட்டர்' என்று கேட்டால் கப்பில் சும்மாவே கொடுப்பார்கள். வேறெதுவும் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதே நேரத்தில் பத்தடி தள்ளி ஒரு வண்டியில் பாட்டில் தண்ணீரை நாலு டாலருக்கும் மேலே விற்றுக்கொண்டிருப்பார்கள், அதற்கும் வரிசை நிற்கும்.

எல்லா வேளையும் டப்பா சாப்பாடு என்றால் பேரன் முகம் தொங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை வெளியில் என்று வையுங்கள், அதுவும் பகலில். செல்ஃப் சர்வீஸ் கடைகளின் மெனு, விலை எல்லாம் அவர்களுடைய ஆப்பில் இருக்கிறது, முதல்நாள் ராத்திரியே பார்த்துவிடலாம். போட்டிருக்கிற விலைக்கு மேல் ஆறரை சதவீத வரி சேரும், உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் டிப்ஸ் பதினெட்டு இருபது சதவீதம் எதிர்பார்ப்பார்கள். மெனுவில் இருபது என்று பார்த்தது கார்டில் இருபத்தைந்தாகப் போவது இப்படித்தான். செல்ஃப் சர்வீஸில் பெரியவர்களும் குழந்தைகள் மெனுவை வாங்கலாம், நம் வயதுக்கு அந்த அளவே தாராளம். பேத்திக்கு மூன்று வயது நிரம்பவில்லை என்பதால் நுழைவு டிக்கெட்டும் வேண்டாம், பஃபேயிலும் காசு கிடையாது. மூன்று நிரம்பிய மறுநாளே கணக்கு மாறிவிடும், அதனால் பயணத்தை அடுத்த வருஷம் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே ஒரு நாள் நன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் என் ஓட்டு சனா என்ற உணவகத்துக்கு. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலுக்குள் இருக்கிறது, பார்க் டிக்கெட் தேவையில்லை, இடம் மட்டும் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த இடம். ரொட்டி வகைகளும் தொட்டுக்கொள்ள ஒன்பது விதமும் வரும் தட்டு ஒன்று உண்டு, அதில் ஊறுகாய்கூட இருக்கும், இரண்டு தட்டு வாங்கினால் குடும்பமே உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிடலாம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். மிக்கி மவுஸ் வந்து கைகுலுக்கும் பஃபேக்கு ஆளுக்கு ஐம்பது டாலருக்கு மேல் கொடுப்பதைவிட இது எனக்குப் பிடித்தது.

அதே ஓர்லாண்டோவில் யுனிவர்சலுக்கும் இதே கட்டுச்சோற்றோடு போகலாமா?
- சேலம் வாசகர்

போகாதீர்கள், வாசலில் திருப்பிவிடுவார்கள். அங்கே ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை தண்ணீர், சின்னச் சின்னத் தின்பண்டம், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு, அவ்வளவுதான். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் போகும். புளியோதரை டப்பா போகாது. சாப்பாட்டைக் காரிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து சாப்பிட்டுப் போகலாம், ஆனால் பார்க்கிங் வரைக்கும் நடை கொஞ்சமில்லை. பெரியவர்கள் கூட இருந்தால் அந்த ஒரு நாள் மட்டும் உள்ளேயே சாப்பிட்டுவிடுங்கள் என்பேன்.

சிங்கப்பூருக்கு ஐந்து நாள் டூர். அதில் ஒரு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். டிராவல்ஸ்காரர் 'லஞ்ச் கூப்பன்' என்று தனியாக ஒரு தொகை கேட்கிறார். வாங்கலாமா?
- மதுரை வாசகர்

கூப்பனில் என்ன வரும் என்று எழுதித்தரச் சொல்லுங்கள். 'ஒரு மீல், ஒரு டிரிங்க்' என்று வாயால் சொன்னால் வேண்டாம்.

உங்களுக்கு வழி வேறு இருக்கிறது. யுனிவர்சல் இருக்கிற செந்தோசா தீவுக்குப் போகிற ரயில் விவோசிட்டி என்ற பெரிய மாலின் மூன்றாம் தளத்திலிருந்து கிளம்புகிறது. அங்கே ஃபுட் கோர்ட் உண்டு, சூப்பர் மார்க்கெட் உண்டு. காலையில் கொஞ்சம் சீக்கிரம் வந்து அங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ரயிலில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், திரும்பும்போது கிடையாது. கால் நன்றாக இருந்தால் பாலத்தில் நடந்தே போய்விடலாம், சும்மா. பார்க்குக்குள் வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், காலியானால் நிரப்பிக்கொள்ளலாம். மத்தியானம் வெளியே வந்து சாப்பிட்டுத் திரும்ப நினைத்தால் வாசலில் கையில் முத்திரை குத்தச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரயிலேறி லிட்டில் இந்தியா. செராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கிற கோமள விலாஸ் இருக்கிறது, தேக்கா சந்தையில் கடைகள் இருக்கின்றன. நாள் முழுக்க பர்கர் வாசனையில் கிடந்த பிறகு ஒரு தோசை கண்ணில் படும்போது என் மாமனார் அங்கேயே கும்பிடு போட்டார். சாக்லெட், சாவிக்கொத்து, கைப்பை எல்லாவற்றையும் அங்கேயுள்ள முஸ்தபா என்ற பெரிய கடையில் வாங்குங்கள். பார்க்குக்குள் மட்டுமே கிடைக்கிற ஒன்று பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் அதை மட்டும் உள்ளே. ஒரே கடையில் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வாங்கினால் அங்கேயுள்ள ஒன்பது சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டவேண்டும், ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அக்கா, நாங்கள் நாலு குடும்பம், பதினேழு பேர், வேன் பிடித்துச் சென்னைக்கு வாட்டர் பார்க் போகிறோம். டிக்கெட் ஆன்லைனில் போட்டாச்சு. கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்?
- விழுப்புரம் வாசகி

முதலில் ஒன்று கேட்கிறேன், பதினேழு பேருக்கும் நைலான் டிரெஸ் இருக்கிறதா?

சாப்பாட்டை எல்லோரும் யோசிக்கிறார்கள், இதை யாரும் யோசிப்பதில்லை. தண்ணீர் ரைடுகளில் காட்டன் துணியோடு விடமாட்டார்கள். நைலான், பாலியெஸ்டர், லைக்ரா மாதிரி துணிதான் வேண்டும். சேலை, சுடிதார், ஜீன்ஸ், வேட்டி எதுவும் நடக்காது. பிறகு என்ன, உள்ளேயே இருக்கிற கடையில் வாடகைக்கோ விலைக்கோ எடுக்கவேண்டியதுதான். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பார்க்கில் (பேர் வேண்டாம்) காட்டன் பெர்முடாவோடு போய் நின்று, மாட்டேன் என்று சொல்லிவிட, வேறு வழியில்லாமல் கிளிப்பச்சையில் ஆரஞ்சு பூப்போட்ட நைலான் டவுசர் ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு வாங்கினார். அளவும் ஒன்றுதான் இருந்தது. நாள் முழுக்க ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சறுக்கினார். இன்று அது ஸ்கூட்டர் துடைக்கிறது. நம்ம ஊர் கடையில் இருநூறு, இருநூற்றைம்பதுக்கு நல்ல டிராக் பேண்ட் கிடைக்கும், பெண்களுக்கு லெக்கிங்ஸும் பாலியெஸ்டர் டி-ஷர்ட்டும் போதும், பிள்ளைகளின் பள்ளி ஸ்போர்ட்ஸ் டிரெஸ் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், லேபிளைப் பாருங்கள். பதினேழு பேருக்கு இந்த ஒன்றிலேயே சாப்பாட்டுச் செலவு மிச்சமாகிவிடும். துண்டு, பிளாஸ்டிக் கவர், தலைக்கு எண்ணெய், இவையும் வீட்டிலிருந்தே. லாக்கர் குடும்பத்துக்கு ஒன்று என்று எடுக்காமல் பெரியது இரண்டு எடுத்தால் போதும்.

இனி சாப்பாடு. பெரிய பார்க்குகள் பலவும் பத்து, பதினொரு மணிக்குத்தான் கதவைத் திறக்கின்றன. ஆறு மணிக்கு வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வாசல் சேரும்போது பசிக்கும், உள்ளே போன அரைமணியில் பிள்ளைகள் ஃபிரெஞ்ச் ஃபிரை முன்னால் நிற்கும். அதனால் வீட்டில் காபியோடு கிளம்பி, இட்லியை எண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடியில் இரண்டு பக்கமும் புரட்டிக் கட்டிக்கொண்டு, பார்க்கிங்கில் வேன் நின்றதும் பத்து மணிவாக்கில் திறங்கள். கூடவே ஒரு பெரிய தூக்கில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வேனிலேயே இருக்கட்டும், சாயங்காலம் வெளியே வந்ததும் அதற்குத்தான் அடிதடி நடக்கும். தண்ணீரில் ஊறி வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. ஆக, உள்ளே ஒரே ஒரு வேளை, மத்தியானம் இரண்டு மணிக்கு, அதுவும் லேசாக. பன்னிரண்டரைக்குப் போனால் கூட்டத்தில் நிற்கிற நேரமும் ரைடு நேரத்தில்தான் கழியும்.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா ஆனாலும் சரி, மற்ற ஊர்களில் அவர்களுடைய பார்க்குகள் ஆனாலும் சரி, வெளிச்சாப்பாடு உள்ளே கிடையாது, கைக்குழந்தைக்கு உள்ளது மட்டும் விதிவிலக்கு. பையைத் திறந்து பார்ப்பார்கள். டவலுக்குள் சுருட்டிய சப்பாத்தியைக்கூடக் கண்டுபிடிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கையில் எவ்வளவு என்று கேட்டீர்கள். துணி, இட்லி, தூக்கு மூன்றும் தயார் என்றால் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போதும், அதிலும் மிச்சம் வரும். நாலு குடும்பத்துக்கும் ஒரே பொதுப்பை, ஒரே ஆள் கையில். அந்த ஆள் கொஞ்சம் கறாரான அத்தையாக இருந்தால் நல்லது.

டிக்கெட்டுக்கே ஆயிரக்கணக்கில் வாங்கிவிட்டு, வீட்டுச் சாப்பாட்டைத் தடுப்பது என்ன நியாயம்? தண்ணீர் பாட்டிலைக்கூட அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிறார்கள். கேட்க ஆளில்லையா?
- தூத்துக்குடி வாசகர்

கேட்டவர் ஒருவர் உண்டு, ஆனால் இங்கே இல்லை, சீனாவில். 2019 ஜனவரியில் ஷாங்காய் டிஸ்னிலாந்துக்கு ஒரு சட்டக் கல்லூரி மாணவி வெளியிலிருந்து வாங்கிய நொறுக்குத்தீனியோடு போயிருக்கிறார். மொத்த மதிப்பு ஐம்பது யுவானுக்கும் குறைவு. வாசலில் பையைச் சோதித்து, சாப்பிட்டுவிட்டு வா அல்லது போட்டுவிட்டு வா என்றிருக்கிறார்கள். அமெரிக்கா, பிரான்ஸ் டிஸ்னிகளில் விடுகிறீர்கள், ஆசியாவில் மட்டும் ஏன் தடை என்று வழக்குப் போட்டுவிட்டார். நாடு முழுக்க அது பேச்சாகி, அந்த செப்டம்பரிலேயே பார்க் விதியை மாற்றியது, வழக்கு சமரசத்தில் முடிந்து அவருக்கு ஐம்பது யுவான் கிடைத்தது. இப்போது அங்கே சூடாக்கத் தேவையில்லாத, கடுமையான வாடை இல்லாத உணவைக் கொண்டுபோகலாம். டோக்கியோ டிஸ்னிலாந்தில் கட்டுச்சோறு உள்ளே கூடாது, ஆனால் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட மேஜை போட்ட இடம் வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு மரியாதைதான்.

நம் நாட்டில் நிலைமை இது: 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தியேட்டர் வழக்கில், இடத்தின் சொந்தக்காரர் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது தியேட்டருக்குச் சொன்னது என்றாலும் பார்க் வாசலில் வாக்குவாதம் வந்தால் உங்கள் நிலைமை எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு அளவுகோல். எனவே உள்ளே நுழைந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'குடிதண்ணீர் எங்கே?' என்பதுதான். சில இடங்களில் அது கழிப்பறைக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், கேட்டால்தான் கை காட்டுவார்கள்.

விலை விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு விலை, மாலுக்கு ஒரு விலை என்று இரண்டு எம்ஆர்பி அச்சிடுவதை 2018 ஜனவரி முதல் தடுத்துவிட்டார்கள். கடையில் கையில் எடுத்துக் கொடுக்கும் பாட்டிலுக்கு அச்சிட்டதற்கு மேல் வாங்கக்கூடாது. ஆனால் ஹோட்டலில் மேஜையில் உட்கார்ந்து வாங்கும்போது, அது வெறும் விற்பனை இல்லை, சேவையும் சேர்ந்தது, அதனால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வாங்கிய இடம் கடையா உணவகமா என்பதைப் பொறுத்தது. கடையாக இருந்தால் பில்லை வாங்கி, பாட்டிலில் விலை அச்சிட்ட இடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பில் இல்லாமல் கோபப்பட்டுப் பயனில்லை.

தலைகீழாக நடத்துகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஹாலிடே வேர்ல்டு என்ற குடும்பப் பார்க், 2000ஆம் ஆண்டு முதல் உள்ளே குளிர்பானத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகக் குடியுங்கள் என்று விட்டிருக்கிறது. வெயிலுக்குப் பூசும் கிரீமும் இலவசம், பார்க்கிங்கும் இலவசம். அவர்கள் ஒன்றும் கடையை மூடிவிடவில்லை.

எனக்கு இரண்டு பெண்கள், ஒன்பது வயதும் ஆறு வயதும். பொம்மைக் கடையைப் பார்த்தால் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த மாதம் கலிஃபோர்னியா டிஸ்னிலாந்து போகிறோம். எப்படிச் சமாளிப்பது?
- கோவை வாசகி

தரையில் உட்காருவது பிள்ளைகளின் தப்பு மட்டும் இல்லை. நிறைய ரைடுகளின் வெளிவாசலே கடைக்குள்தான் திறக்கும். இருட்டில் கத்திக் குதூகலித்துவிட்டு வெளியே வந்ததும் அதே பொம்மை பளபளவென்று கண்மட்டத்தில், அதாவது ஆறு வயதின் கண்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 1955 ஜூலையில் திறந்த நாளிலிருந்து எழுபது வருஷமாகப் பழகிய கை அது. நாம் நேற்றுப் பிறந்தவர்கள்.

நான் செய்து பார்த்துச் சரிவந்த ஒன்றைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்பே ஆளுக்கு ஒரு சின்னப் பர்ஸ், அதில் அவரவர் பணம். எங்கள் வீட்டில் நாற்பது டாலர் வைத்தோம், நீங்கள் உங்கள் கைக்குத் தகுந்தபடி வையுங்கள். இது தீர்ந்தால் தீர்ந்தது, தீராவிட்டால் மிச்சம் உங்களுக்கே என்பதுதான் பேச்சு. 'அம்மா வாங்கிக்கொடு' என்று கேட்கும்போது விலை பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தன் பர்ஸிலிருந்து போகும்போது தெரிகிறது. என் சின்னவள் எலிக்காது வைத்த ஹேர்பேண்டை எடுத்து முப்பத்தைந்து டாலர் என்று பார்த்துவிட்டு, வரி சேர்த்தால் எவ்வளவு என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். தலையில் மாட்டிக் கண்ணாடியில் ஒரு நிமிஷம் பார்த்தாள், என்னிடம் போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள், கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதே பிள்ளைதான் போன வருஷம் ஒரு கண்காட்சியில் பலூனுக்காக அரைமணி அழுதவள்.

முதல் நாள் எதுவும் வாங்குவதில்லை என்று வையுங்கள். பிடித்ததையெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், ராத்திரி ரூமில் உட்கார்ந்து பார்க்கட்டும். பதினைந்து போட்டோவில் மறுநாள் இரண்டுதான் உயிரோடு இருக்கும். ஒரே நாள் பயணம் என்றால் சாயங்காலம் வரை பொறுத்து, வாசல் பக்கம் இருக்கிற பெரிய கடையில் கடைசியாக. தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம்.

ராத்திரி வாணவேடிக்கைக்கு முன்னால் மினுக்கும் விளக்குப் பொம்மைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். சுற்றியிருக்கிற எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒன்று மின்னும்போது உங்கள் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? இங்கே பாரிமுனையிலோ உங்கள் டவுன்ஹால் பக்கத்திலோ ஒளிரும் குச்சி, மின்னும் வளையல் எல்லாம் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு கட்டு வாங்கிப் பையில் போடுங்கள். நேரம் பார்த்து வெளியே எடுங்கள், முன்கூட்டிக் காட்டிவிடாதீர்கள்.

காசில்லாமல் கிடைப்பதும் இருக்கிறது. பார்க்குக்குள் இருக்கிற சிட்டி ஹால் என்ற அலுவலகத்தில் கேட்டால் 'முதல் வருகை', 'பிறந்தநாள்' என்று எழுதிய பேட்ஜ் சும்மாவே கொடுப்பார்கள், நெஞ்சில் குத்திக்கொண்டால் வேலை செய்பவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொல்வார்கள். வேஷம் போட்டவர்களிடம் கையெழுத்து வாங்க அவர்கள் விற்கிற நோட்டுத்தான் வேண்டும் என்றில்லை, இங்கிருந்து ஒரு கோடு போடாத நோட்டும் தடி பேனாவும் போதும். அங்கங்கே நிற்கிற பார்க் போட்டோகிராஃபரிடம் உங்கள் போனைக் கொடுத்தால் அதிலும் எடுத்துத் தருவார்கள். காசைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சென்ட் செப்புக் காசைத் தகடாக நசுக்கிப் படம் பதித்துத் தரும் மெஷின்கள் உண்டு. பழைய மெஷின் என்றால் 51 சென்ட், புதியவை கார்டில் கொஞ்சம் கூட. அங்கே ஒரு சென்ட் காசை அச்சடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள், அதனால் அந்தத் தகட்டுக்கு இனி ஒரு மவுசு வரலாம். என் பெரியவள் ஏழு தகடு சேர்த்தாள், பென்சில் பாக்ஸில் இன்னும் இருக்கிறது.

டி-ஷர்ட் விஷயத்தில் ஒரு சிரிப்பு. அங்கே முப்பது டாலருக்கு மேல் போட்டிருந்த ஒரு சின்ன டி-ஷர்ட்டின் கழுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்தேன், மேட் இன் இந்தியா. கோவைக்காரரான உங்களுக்குத் திருப்பூர் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. உரிமம் பெற்ற மிக்கி, எல்சா படம் போட்ட சட்டைகள் இங்கேயே நல்ல கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு வாங்கிப் பெட்டியில் ஒளித்துவைத்துப் பார்க் போகிற அன்று காலை எடுத்துக் கொடுங்கள்.

நாங்கள் ஓர்லாண்டோ போகிறோம் என்று தெரிந்ததும் மாமியார் பட்டியல் போட்டுவிட்டார். இருபத்திரண்டு வீடு. எல்லோருக்கும் அங்கிருந்து ஏதாவது வரவேண்டுமாம்.
- தஞ்சாவூர் வாசகி

பட்டியலை இரண்டாகக் கிழியுங்கள், காகிதத்தை மட்டும். பெரியவர்கள் உள்ள வீடுகளுக்குச் சாக்லெட்தான், அதை மொத்தவிலைக் கடையில் பெரிய பையாக வாங்கி இங்கே வந்து பிரித்துக் கட்டினால் போதும், பார்க்குக்குள் ஒரு துண்டுகூட வாங்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஊரில் இரண்டு அவுட்லெட் மால்களில் கேரக்டர் வேர்ஹவுஸ் என்ற டிஸ்னியின் சொந்தக் கடை இருக்கிறது. பார்க்கில் விற்று மிச்சமானது, போன சீசன் சரக்கு எல்லாம் அங்கே பாதி விலைக்கும் கீழே வரும். என்ன கிடைக்கும் என்று சொல்லமுடியாது, கிடைத்ததை எடுக்கவேண்டியதுதான். பார்க்கின் வரைபடம் இலவசம், நாலைந்து கூடுதலாக எடுத்துவந்தால் சாக்லெட் பையைச் சுற்றிக் கட்ட அதைவிட அழகான காகிதம் கிடைக்காது. மாமியாருக்கு மட்டும் பார்க்குக்குள்ளேயே, விலைச்சீட்டோடு, நல்லதாக ஒன்று வாங்குங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தால் பிறகு எதற்கு டூர்? என் மனைவி உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு போன தடவை எங்களை ஒரு ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடவிடவில்லை.
- பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒரு கணவர், ஈரோடு

ஐயோ, அது என் பேரில் நடந்த அநியாயம். தண்ணீரில், நைலான் டவுசரில் மிச்சம் பிடிப்பதே ஐஸ்கிரீமுக்காகத்தானே! வீட்டம்மாவிடம் இதைக் காட்டுங்கள்: பார்க் போனால் ஆளுக்கு ஒரு வீண்செலவு கட்டாயம், அது எது என்று அவரவரே முடிவு செய்யலாம், மற்றவர் வாய் திறக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம்.

என் வீண்செலவு ஒரு பாப்கார்ன் பக்கெட். மிக்கி முகம், கழுத்தில் மாட்டப் பட்டை, டிஸ்னி வேர்ல்டில் வாங்கியது. அந்தப் பயணம் முடிகிறவரை கொஞ்சம் காசு கொடுத்தால் திரும்பத் திரும்ப நிரப்பித் தருவார்கள் என்று வாங்கி, மூன்று நாளில் ஐந்து முறை நிரப்பினேன், ஆறாவது முறை யாருக்கும் பாப்கார்ன் பக்கம் முகத்தைத் திருப்பவே பிடிக்கவில்லை. பெட்டியில் இடமில்லாமல் விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அதில் சரியாக ஒன்றரைக் கிலோ உளுத்தம்பருப்பு பிடிக்கிறது.